புகையைப் பார்க்க ஆள் உண்டு, பிரேக்கைப் பார்க்க?

புது கார் வாங்கினால் ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும். அதுவரை பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்துபோச்சா என்று கேட்க ஆளே இல்லை!

டாக்சி, லாரி, பஸ்சுக்கு அப்படியில்லை. 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. வாங்கியாக வேண்டும். சொந்தக் காருக்கோ முதல் வருஷம் முடிந்ததும் புகை சோதனை மட்டும் உண்டு. பிரேக் சோதனை? 15 வருஷம் கழித்துத்தான்! பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை.

இங்கிலாந்தில் கார் 3 வருஷம் ஆனதும் வருஷா வருஷம் சோதனை. ஜப்பானில் முதலில் 3 வருஷம், பிறகு 2 வருஷத்துக்கு ஒரு தடவை.

"எஃப்.சி. வெறும் பேப்பர்தானேங்க!" என்பார்கள் சிலர். தப்பில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே ஓடுகிற பள்ளி பஸ்சின் ஓட்டை வழியாக விழுந்து 2-ம் வகுப்புச் சிறுமி பலியானாள். அந்தப் பஸ்சுக்குச் சில நாள் முன்புதான் எஃப்.சி. கொடுத்திருந்தார்கள்! அதனால் சோதனையே வேண்டாம் என்று அர்த்தமா? வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடணும் என்றுதான் அர்த்தம்.

கார் சொந்தம்; ரோடு சொந்தமில்லை. பிரேக் பிடிக்காத கார் மோதுவது பஸ்சுக்குக் காத்து நிற்கிறவர் மேல்தான். 3 வருஷம் ஆனதும், 2 வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரேக்கைப் பார்க்கட்டும்!