ஆயுத பூஜையும் அதிரம்பாக்கமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் வருஷந்தோறும் ஆயுத பூஜை எப்படி நடந்து வருகிறது என்பது நம் தோழர்களுக்குத் தெரியாததல்ல. வருஷம் முழுவதும் எண்ணெய் விடக்கூட நாதியில்லாமல் கிடக்கும் இயந்திரத்திற்கு அன்று ஒருநாள் மாத்திரம் சந்தனம் குங்குமம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அதை ஓட்டுகிற தொழிலாளியே அதன் முன் விழுந்து எழுகிறான். பொரியும் கடலையும் கொடுப்பதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் பூசணிக்காய் உடைத்த காரணத்தால் எந்தப் பிரஸ் மெஷினாவது ஒரு தொழிலாளியின் விரலை விட்டுவைத்ததாக யாராவது சொல்ல முடியுமா என்றுதான் கேட்கிறோம். விரலைக் காப்பது பாதுகாப்புத் தடுப்பே ஒழிய பூசணிக்காய் அல்ல.

அதோடாவது நிற்கிறதா? அதையொட்டி வரும் விடுமுறையில் வேன் பேசி, பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மேற்கே திருத்தணிக்கும் திருப்பதிக்கும் பிரயாணம். வேன் வாடகை, மொட்டை, உண்டியல் எல்லாம் கடன். கூடப்போன குழந்தை கண்டது என்ன? இரும்புக் கம்பியும், கூட்டமும், பிடித்துத் தள்ளுகிறவர்களின் கையும்தான்.

குடும்பத்தோடு பிரயாணம் போவதே கூடாது என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. போகத்தான் வேண்டும். நம் பெண்களுக்கு யாத்திரை என்று சொன்னால்தான் வாசற்படி திறக்கிறது. சும்மா ஊர் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் அடங்காதவள் என்று பெயர். ஆகவே கோவில் என்கிற சாக்கு இல்லாமலே அவர்கள் வெளியே வரவேண்டும் என்பதே நமது ஆசை. ஆனால் எங்கே போவது?

திருப்பதிக்குப் போகும் வேன்கள் பல ஊத்துக்கோட்டை வழியாகத்தான் போகின்றன. அங்கிருந்து சிறிது தூரத்தில் பூண்டி. 1944-ல் கட்டி முடிந்த அந்த ஏரிக்கு சத்தியமூர்த்தி பெயர் வைத்திருக்கிறார்கள். (அவர் தேவதாசி ஒழிப்பு மசோதாவை எதிர்த்தவர், ஆனாலும் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரப் பாடுபட்டதை நாம் மறுக்கவில்லை.) அந்தப் பக்கத்தில்தான் அதிரம்பாக்கம் இருக்கிறது. கொற்றலை ஆற்றில் சேரும் ஒரு ஓடை, செம்மண் மேடு, உருட்டுக் கற்கள். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதம் ஒன்றைக் கண்டெடுத்த புரூஸ் ஃபூட் என்னும் வெள்ளைக்காரர், அதே வருஷம் இங்கு வந்து, மனிதன் கையால் செதுக்கிய கைக்கோடரிகளைக் கண்டார். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் முறையாகத் தோண்டினார்கள். 2011-ல் வெளியான முடிவு என்னவென்றால், அடிமட்டத்துக் கருவிகளின் வயது 10 லட்சத்து 70 ஆயிரம் வருஷத்திற்குக் குறையாது. சராசரியாகப் பார்த்தால் சுமார் 15 லட்சம் வருஷம் என்பதாகும்.

இதை யார் கனவில் வந்து சொன்னது என்று கேட்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. ஆகாயத்திலிருந்து வரும் கதிர்கள் வெளியே கிடக்கும் கல்லில் பட்டு, அதில் சிலவகை அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் அவை புதிதாக உண்டாவது நின்று, உள்ளவை ஒரு கணக்கான வேகத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. மிச்சத்தை அளந்தால் புதைந்த காலம் தெரிகிறது. மண்ணில் பதிந்துள்ள பூமியின் காந்தத் திசையையும் சோதித்து ஒத்துப் பார்த்தார்கள். நம்பாதவர்கள் மறுபடியும் அளந்து பார்க்கலாம். நரகம் என்று பயமுறுத்துவார் யாருமில்லை.

நிற்க, நமது வைதிகர்களின் பஞ்சாங்கத்தையும் சற்றுப் பார்ப்போம். கலியுகம் பிறந்து ஐயாயிரத்துச் சொச்சம் வருஷம்; அதற்கு முன் துவாபரயுகம் 8,64,000 வருஷம்; அதற்கும் முன் திரேதாயுகம் 12,96,000 வருஷம். இந்தக் கணக்குப்படி அதிரம்பாக்கத்து மனிதன் கல்லைத் தட்டிக்கொண்டிருந்த காலம் எது? சாட்சாத் ராமன் ஆண்டதாகச் சொல்லும் திரேதாயுகமே! புராணத்தில் அப்போது பொன் மாளிகையும் புஷ்பக விமானமும் இருக்கின்றன. மண்ணைத் தோண்டினால் கல் கோடரி இருக்கிறது. எருமை, குதிரை முதலியவற்றின் கல்லாகிப்போன பற்களும், மிருகங்களின் குளம்புத் தடங்களும் இருக்கின்றன. விமானத்தின் ஒரு ஆணிகூட இல்லை.

இதைக் கேட்டதும், பார்த்தாயா முதல் மனிதன் தமிழன் என்று குதிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவன் தமிழனுமல்ல, ஆரியனுமல்ல. நம்மைப் போன்ற மனித இனமே அப்போது தோன்றவில்லை. அவனுடைய எலும்பு ஒன்றும் அங்கு கிடைக்காததால் அவன் எந்த வகையைச் சேர்ந்தவன் என்று சொல்ல முடியாது. தெரியாததற்குப் பெருமை பேசுவதும் ஒரு மூடநம்பிக்கையே.

ஆனால் ஒன்று தெரிகிறது. அவன் ஆயுதத்தைக் கும்பிடவில்லை, செய்தான். கையால் வேலை செய்கிறவனைச் சூத்திரன் என்றும், மந்திரம் சொல்லி உண்கிறவனை மேல் ஜாதி என்றும் சாஸ்திரம் எழுதி வைத்திருக்கிறது. அந்த மண்ணிலோ மந்திரத்தின் அடையாளம் ஏதுமில்லை. வேலை செய்த கையின் அடையாளமே நிற்கிறது. லேத்திலும் உலையிலும் நிற்கும் நம் தொழிலாளித் தோழன் தன் பிள்ளைக்குக் காட்ட வேண்டிய இடம் இதுவல்லாமல் வேறெது?

கல்லாகிப்போன பிராணிகளைப் பற்றிச் சொல்லும்போது சாளக்கிராமத்தை விட்டுவிட முடியாது. நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வரும் அது விஷ்ணு அல்ல. சுமார் 15 கோடி வருஷங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த ஒரு பிராணியின் ஓடு, கணவாய்க்கு உறவு. மடி ஆசாரத்தோடு அதற்குப் பால் அபிஷேகம் செய்கிறவர், புரட்டாசியில் மீன் வாசனையே ஆகாதென்று மூக்கைப் பிடிப்பது வேடிக்கைதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பூண்டியில் தொல்லியல் துறை 1985-ல் அமைத்த காட்சிசாலையை முதலில் பார்த்தால், ஓடையில் எது ஆயுதம், எது வெறுங்கல் என்று குழந்தைகளுக்கு விளங்கும். குடியம் குகைகளுக்குக் காட்டில் நடக்கவேண்டும், காட்டிலாகாவைக் கேட்டுக்கொள்ளவும். (அங்கும் ஒரு அம்மனை வைத்துவிட்டார்கள்.) இரண்டாம் நாள் கிழக்கே பழவேற்காட்டுக்குப் போய் மீனும் நண்டும் வாங்கி ஆக்கிச் சாப்பிடலாம். ஆக்குவதை ஆண்கள் செய்யவேண்டும். இல்லாவிட்டால் பெண்களுக்கு அடுப்புதான் இடம் மாறியதாகும். அதிரம்பாக்கத்தில் கிடைக்கும் கல்லைத் தயவுசெய்து எடுத்துவரவேண்டாம். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சாட்சி. வீட்டுக்குக் கொண்டுவந்தால், நாலாம் நாள் யாராவது அதற்கும் பொட்டு வைத்துவிடுவார்கள்.