சீனக் கதைகளில் நகரவாசி

நவீன சீனக் கதைகளில் தென்படும் நகரத் தனிமையை மேனாட்டுப் புத்தகங்களிலிருந்து தொற்றிய வியாதி என்று கூறுவோர் பலர் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் சம்மதமில்லை. 1842-ஆம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கையினால் அந்நிய வர்த்தகத்துக்குத் திறந்துவிடப்பட்டு, பின்னர்த் தன் வீதிகளிலேயே ஒரு பகுதியைப் பிறர் ஆட்சிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்த ஷாங்காயில், சொந்த மண்ணில் அயலானாய் நடமாடிய மனிதனுக்கு அவ்வுணர்ச்சியைக் கடல் கடந்து வந்து யாரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

மாவோ துன் 1933-இல் வெளியிட்ட 'நள்ளிரவு' என்னும் நாவலின் தொடக்கத்தில், கிராமத்திலிருந்து அழைத்துவரப்படும் முதியவர் ஒருவர், பழைய நீதிநூலைக் கையில் இறுகப் பற்றியபடியே, மின்விளக்குகளின் பிரகாசமும் மோட்டார்களின் இரைச்சலும் உண்டாக்கிய அதிர்ச்சி தாளாமல் வந்த இரவே மாண்டுபோகிறார். காட்சி வலியதுதான், ஆனால் அங்கே மனிதரைவிடச் சித்தாந்தமே உரக்கப் பேசுகிறது.

லாவோ ஷேயின் 'ஒட்டக ஷியாங்ஸி' என்னும் நாவல் அப்படிப்பட்டதன்று. மூன்று வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய ரிக்‌ஷாவைச் சிப்பாய்கள் பறித்துக்கொள்ள, மறுபடி சேர்த்த காசைத் துப்பறியும் போலீஸ்காரன் ஒருவன் மிரட்டி வாங்கிக்கொள்ள, மனைவியின் பணத்தால் கிடைத்த வண்டியையும் பிரசவத்தில் இறந்த அவளுடைய அடக்கச் செலவுக்கே விற்றுவிட்டு நிற்கும் அந்தப் பீகிங் இளைஞன், யாரையும் அண்டாமல் தன் கால்பலத்தை மட்டுமே நம்பி வாழ்ந்துவிடலாம் என்ற எண்ணத்தாலேயே அழிகிறான். 1945-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அக்கதைக்குச் சுபமான முடிவைச் சூட்டியது. அது நூலுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்வேன்.

இவ்விரண்டையும்விட ஆழமானது சாங் ஐலிங் 1943-இல் எழுதிய 'வழியடைப்பு' என்னும் சிறுகதை. ஜப்பானியர் வசமிருந்த ஷாங்காயில், அபாய மணி ஒலித்துப் போக்குவரத்து தடைப்பட, ஒரு டிராம் நடுவீதியில் நிற்கிறது. சும்மா இருக்கும் மனத்தின் வெறுமைக்கு அஞ்சிய பிரயாணிகள் பத்திரிகையையும் ரசீதையும், ஒன்றுமில்லாதவர்கள் கடைப் பலகைகளையும் வாசிக்கத் தொடங்குகிறார்கள். வங்கிக் கணக்கர் ஒருவரோ, மனைவி வாங்கிவரச் சொன்ன கீரைப் பூரண உருண்டைகளில், சுற்றியிருந்த செய்தித்தாளின் மை ஒட்டி இடவலம் மாறிப் பதிந்த எழுத்துக்களை வாசிக்கிறார்! ஓர் உறவினனின் கண்ணில் படாதிருக்க இடம் மாறி உட்கார்ந்தவர், பக்கத்திலிருந்த ஆசிரியையோடு பேசப் பேச, விவாகத்தைப் பற்றிய யோசனை வரைக்கும் போய்விடுகிறார். மறுபடி மணி ஒலிக்கிறது, டிராம் நகர்கிறது, அவர் எழுந்து ஜனக்கூட்டத்தில் மறைகிறார். இறங்கிவிட்டார் என்றே அவள் எண்ணுகிறாள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், அவர் தம் பழைய ஆசனத்திலேயே இருக்கிறார்.

இங்கே வண்டியைப் பறிக்கும் சிப்பாயும் இல்லை, கொள்ளையும் இல்லை. அவரை வஞ்சகர் என்று தூற்றவும் வழியில்லை. உத்தியோகம், குடும்பம், விலாசம் யாவும் அந்தந்த இடத்தில் அவருக்காகக் காத்திருக்கின்றன. நகரம் ஸ்தம்பித்த அந்தச் சிறு பொழுதுக்கு மட்டும் அவற்றினின்று விடுதலை கிடைத்திருந்தது. குற்றவாளி என்று ஒருவரையும் சுட்டாமலே இவ்வளவு பெரிய இழப்பை உணர்த்திய காரணத்தால், மூவருள்ளும் அப்போது இருபதுகளின் தொடக்கத்திலேயே இருந்த சாங் ஐலிங்குக்கே நான் முதல் ஸ்தானம் அளிக்கிறேன்.