அங்குசத்தைத் திருடலாமா?

யானையை விலை கொடுத்து வாங்கிய ஒருவர், அங்குசத்தை மட்டும் அண்டை வீட்டிலிருந்து திருடிக்கொண்டு வந்தார் என்றால் உலகம் நகைக்காதா? அத்தகையோர் இன்று நம் சமுதாயத்தில் ஒருவரல்லர், இருவரல்லர். அவர்களைக் கண்டு எவரும் நகைப்பதுமில்லை. ‘விவரம் தெரிந்த பிள்ளை’ என்ற பாராட்டும் கிடைக்கிறது. இதனைக் கண்டித்து எழுதுவது கடமை என்று கருதியே எழுதுகோலை எடுத்தோம்.

நம்மிடம் ஓதிய மாணவர்கள் சிலருடன் அண்மையில் மன்னவனூர் சென்றிருந்தோம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஏரியும் புல்வெளியும் பனிமூட்டத்தில் மறைவதும் தெரிவதுமாக இருந்தன. 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதன் வெண்ணிற ஆடுகள் பனியோடு பனியாக மேய்ந்துகொண்டிருந்தன. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மாணவர் ஒருவர் அக்காட்சியைப் படம் பிடித்தார். அவர் கையில் இருந்தது பல இலட்ச ரூபாய் பெறும் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா. அதன் சாளரத்தில் தெரியும் இரண்டு உருவங்களும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை லென்ஸைத் திருப்பிக் கையாலேயே குவியம் கூட்ட வேண்டும். பொறுமை உள்ளவர்க்கே அது வசப்படும்.

“பாட்டியார் தம் கையால் எழுதி வைத்த அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று வீட்டில் இருக்கிறது, ஹஸரத். பக்கம் பக்கமாக இதில் படமெடுத்து எல்லாரும் படிக்கும்படி வக்ஃபாகக் கொடுத்துவிட நாட்டம்” என்றார். மனம் குளிர்ந்தது. “எடுத்த படங்களை எந்த மென்பொருளில் துலக்குவீர்?” என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே, “லைட்ரூம்தான். கிராக் போட்டது. அதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள்?” என்றார். உடனிருந்தோரும் தலையசைத்தனர்.

வக்ஃபுக்கு நிய்யத்து, அதற்குக் கருவியோ திருட்டுப் பொருள்! கேட்ட நமக்குத்தான் நா எழவில்லை.

மென்பொருள் எதற்கு என்று வினவும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இத்தகைய காமிராக்கள் ‘ரா’ என்னும் கோப்பைத் தருகின்றன. அது முடிந்த படமன்று. உணரி அளந்த ஒளியின் கணக்கு. 1976ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற முறைப்படி, உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தை அளக்கும். நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் பெறும். விடுபட்ட நிறங்களைக் கணித்து நிரப்புவது மென்பொருளின் வேலை. தொடக்க கால அரபு எழுத்தில் பே, தே, ஸே ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. படிப்பவரே புள்ளியிட்டுப் படித்துக்கொள்வார். ரா கோப்பும் அவ்வாறே. புள்ளியிடுபவர் மாறினால் வாசகம் மாறுவதுபோல, மென்பொருள் மாறினால் படத்தின் சாயலும் மாறும். ஜேபெக் என்னும் முடிந்த படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். மூடுபனியிலும் மங்கிய மையிலும் மறைந்து கிடப்பதை வெளிக்கொணர அந்தப் படிகள் வேண்டும்.

ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது சிறிய காரியமன்று. நம் இளைஞர்கள் அத்தேர்வின்போது நிறத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். வேகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ‘இது நமக்கு ஹலாலா?’ என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் சில சமாதானங்களைச் சொல்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“அந்த நிறுவனம் கோடீஸ்வர நிறுவனம், நமது காசு இல்லாவிட்டால் அதற்கு என்ன நட்டம்?” என்பது முதலாவது. பொருளுக்கு உடையவன் ஏழையா செல்வனா என்று பார்த்துத் திருட்டின் பெயரை மாற்றும் சட்டம் எந்த மத்ஹபில் இருக்கிறது? ஹக்குல் இபாத் என்பது மனிதருக்கு மனிதர் செலுத்த வேண்டிய உரிமை. உரியவர் விட்டுக்கொடுத்தாலன்றி அது தீராது என்று மதரஸாவின் தொடக்க வகுப்பிலேயே ஓதுகிறோம். கொடுக்க வேண்டியவரின் முகம் தெரியாது என்பதனால் கடன் கழிந்துவிடுமா?

இரண்டாவது சமாதானம் கற்றோர் வாயிலிருந்து வருகிறது. “அறிவுக்கு விலை ஏது? முன்னோர் நூல்களைத் தடையின்றிப் படியெடுக்கவில்லையா?” என்கிறார்கள். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. காமிராவின் மூலதத்துவமான இருட்டறையில் ஒளி புகுவதை ஆராய்ந்தவரும், 1011க்கும் 1021க்கும் இடையே ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் பெருநூலை இயற்றியவருமான பஸராவின் இப்னுல் ஹைதம், கெய்ரோவில் நூல்களைப் படியெடுத்து விற்றே வாழ்ந்தார். யூக்ளிடின் நூலையும் அல்மஜஸ்தியையும் ஆண்டுக்கு ஒரு முறை எழுதி, 150 மிஸ்ரு தீனாருக்கு விற்று, அதனைக் கொண்டே அவ்வாண்டைக் கழித்தார் என்று இப்னுல் கிஃப்தீ குறிக்கிறார்.

ஆனால் அவர் யாருடைய பூட்டை உடைத்தார்? யாருக்குக் கொடுத்த வாக்கை மீறினார்? யூக்ளிடின் நூல் மனித குலத்தின் பொதுச் சொத்தாகிப் பன்னூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாழும் ஆசிரியரிடமிருந்து கிதாபைப் பெறுகையில் இஜாஸத் கேட்டுப் பெறுவதே நம் மரபு. “இதனை என்னிடமிருந்து அறிவிக்க உமக்கு அனுமதி உண்டு” என்று ஆசிரியர் எழுதித் தராதவரை மாணவர் அதனை அவர் பெயரால் பரப்புவதில்லை. கிராக் போடுபவரிடம் எந்த இஜாஸத் இருக்கிறது? நிறுவும்போது திரையில் நிபந்தனைகள் தோன்றுகின்றன. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தை அவரும் அழுத்துகிறார். அழுத்திய கையாலேயே அதனை முறிக்கிறார். இதில் திருட்டோடு பொய்யும் சேர்ந்துவிடுகிறது.

பதிப்புரிமை விற்கத்தக்க பொருளாகுமா என்பதில் சென்ற தலைமுறை உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. அதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் 1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தன் 43ஆம் தீர்மானத்தில் இதனைத் தெளிவாக்கிவிட்டது. நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் மதிப்புடையவை; அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்பது அதன் சாரம். நாட்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 63-பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது.

மூன்றாவது, “வசதி இல்லை, நிர்ப்பந்தம்” என்பது. பசித்து உயிர் போகும் நிலையில் விலக்கப்பட்டதும் அளவோடு ஆகும் என்பது ளரூரத்தின் சட்டம். பல இலட்சத்துக்குக் காமிரா வாங்கியவருக்கு என்ன ளரூரத்? காமிரா விலையின் சிறு துளி போதுமே! 2015இல் வந்த லைட்ரூம் 6தான் ஒரே தடவை விலை கொடுத்து வாங்கத்தக்க கடைசிப் பதிப்பு. அதற்குப் பின் சந்தாதான் என்று அடோபி நிறுவனம் ஆக்கியது நமக்கும் உவப்பானதன்று. மாதந்தோறும் வாடகை கட்டிக்கொண்டிருக்க விருப்பமில்லை என்றால், ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் சந்தையில் உண்டு. கடைக்காரன் சொல்லும் முறை பிடிக்காவிட்டால் கடையை மாற்றலாம், பூட்டை உடைக்கலாகாது.

வசதி மெய்யாகவே இல்லாதவருக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்டார். 1989இல் அவர் வகுத்தளித்த ஜிபிஎல் உரிமம் நம் இஜாஸத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது. “பயன்படுத்துவீர், ஆராய்வீர், திருத்துவீர், பிறர்க்கும் கொடுப்பீர், நீர் பெற்ற அதே உரிமையை அவருக்கும் கொடுத்துவிடுவீர்” என்பதே அதன் கருத்து. அவ்வுரிமத்தில் வருபவை டார்க்டேபிளும் ராதெரபியும். முன்னது 2009இல் வெளிவந்தது. பின்னது ஹங்கேரி நாட்டவர் ஒருவர் தொடங்கி, 2010இல் உலகுக்குத் திறந்துவிட்டது. இரண்டுக்கும் காசு இல்லை. ஹலாலான பந்தி விரித்திருக்க, சுவரேறிக் குதிப்பானேன்?

“இலவசப் பொருளில் தரம் இராது” என்பது இறுதிச் சமாதானம். இதற்கும் ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவையே சாட்சிக்கு அழைப்போம். இதன் அகன்ற கோண லென்ஸ்கள் உணரிக்கு மிக அருகே அமர்வதால், ஓரங்களில் ஒளி சாய்ந்து விழும். படத்தின் மூலைகள் இருளடையும், நிறமும் திரியும். இதற்கு மருந்து, அதே லென்ஸில் ஒரே சீரான வெண்பரப்பைப் படமெடுத்துக்கொண்டு, அதைக் கொண்டு மற்றப் படங்களை வகுத்துச் சீராக்குவது. சூரியனைப் படம்பிடிக்கும் வானியலாரும் இதனையே செய்கிறார்கள். காசு பெறும் கேப்சர் ஒன் மென்பொருளில் உள்ள இவ்வசதி, காசு கேட்காத ராதெரபியிலும் உண்டு. கிதாபின் பக்கங்களை மூலைவரை ஒரே சீராகக் காட்ட இதுவே தேவை. மாறாக, எத்துணை விலையுயர்ந்த மென்பொருளாலும் ஆகாதவையும் உண்டு. 2006இல் வந்த லைக்கா எம்8 அகச்சிவப்பு ஒளியையும் வாங்கிக்கொண்டதால், செயற்கை இழையிலான கறுப்புத் துணி ஊதாவாகப் பதிந்தது. நம் பெண்கள் அணியும் கறுப்புப் புர்காவை அதில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! லென்ஸின் முன்னே வடிகட்டி பொருத்தித்தான் அது தீர்ந்தது. ஆக, தரம் விலைச்சீட்டில் இல்லை. பழகுபவரின் அறிவிலும் பொறுமையிலும் இருக்கிறது.

இனி, திருட்டுப் பிரதியால் வரும் உலக நட்டம். நம்மிடம் ஓதிய மற்றொருவர் திருமணப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர். கிராக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த நச்சு நிரல் அவர் கணினி முழுவதையும் பூட்டிவிட்டது. மூன்று குடும்பங்களின் நிகாஹ் படங்கள் போயின. அவற்றுள் ஒன்றில் இருந்த மணமகளின் வாப்பா, படங்கள் கைக்கு வருமுன்னரே வஃபாத்தாகிவிட்டார். மகளோடு அவர் நின்ற கடைசிப் படம் அது. பிறர் ஒப்படைத்த அமானிதத்தைத் திருட்டுப் பெட்டியில் வைத்தவர், அந்தப் பெண்ணுக்கு எதனைத் திருப்பிக் கொடுப்பார்?

ஹலாலான மென்பொருள் கைக்கு வந்தபின்னும் ஒரு பேணுதல் வேண்டும். மூல ரா கோப்பு மத்ன். நாம் செய்யும் திருத்தமெல்லாம் ஹாஷியா. ஓரக்குறிப்பை எழுதுபவர் மூலத்தின்மேல் மை கொட்டுவதில்லை. டார்க்டேபிளும் ராதெரபியும் திருத்தங்களைத் தனியொரு சிறு கோப்பில் எழுதி மூலத்தின் அருகே வைக்கின்றன. லைக்காவின் எம் வரிசைக் காமிராக்கள் தரும் டிஎன்ஜி வடிவம், 2004இல் அடோபி நிறுவனம் இலக்கணத்தோடு வெளிப்படையாக வெளியிட்டது. எந்த ஒரு மென்பொருளுக்கும் அது அடிமையன்று.

இதன் அருமைக்குச் சான்று மன்னவனூரிலிருந்து திரும்பும் வழியிலேயே, கொடைக்கானலில் இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்ட அங்குள்ள வானாய்வுக் கூடம், 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துக் காத்துவந்தது. அத்தகடுகளை நம் காலத்து அறிஞர்கள் எண்வடிவாக்கி, ஃபிட்ஸ் என்னும் திறந்த வடிவத்தில் ஆய்வாளர்க்கெல்லாம் அளித்துள்ளனர். அதே ஃபிட்ஸ் வடிவத்தைத்தான் வத்திக்கான் நூலகத்தார் தம் கையெழுத்துச் சுவடிகளைக் காக்கத் தேர்ந்துகொண்டனர். நூற்றாண்டுக்கு முன் எடுத்த சூரியனை இன்றும் புதிதாக ஆராய முடிகிறதென்றால், மூலம் சிதையாமல் இருந்ததனால்தான். நம் பாட்டிமார் எழுதிய கிதாபுகளுக்கும் அத்தகைய ஆயுள் வேண்டாமா?

ஆகவே அன்பர்களே, முதலில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்பீர்: ‘இதற்கு என்னிடம் இஜாஸத் உண்டா?’ காசு உண்டெனில் கொடுத்து வாங்குவீர். இல்லையெனில் கட்டற்றதைப் பெற்று, பழகுவதற்கு ஒரு மாதம் ஒதுக்குவீர். மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துவீர். பிள்ளைக்குக் காமிரா வாங்கித் தரும் பெற்றோரே, அதன் விலையைக் கேட்ட நீங்கள், அதனோடு வரும் மென்பொருள் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுவிடுங்கள்.

மன்னவனூரில் அந்த மாணவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “ஊருக்குப் போனதும் அதை அழித்துவிடுகிறேன், ஹஸரத்” என்றார். “அழித்துவிட்டுத்தான் பாட்டியாரின் கிதாபைத் திறக்க வேண்டும்” என்றோம்.

அந்தக் கிதாபின் முதல் பக்கம் ஹலாலான கருவியால் துலங்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.