கணக்கில் வராத எல்லையோர வாக்குகள்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கருத்துக் கணிப்புகள் வரிசைகட்டி வருகின்றன. இந்த அணிக்கு 2 சதவீதம் கூடியிருக்கிறது, அந்த அணிக்கு 3 சதவீதம் குறைந்திருக்கிறது என்று தொலைக்காட்சிகளில் காரசாரமான விவாதம் நடக்கிறது. தில்லியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கேரள அரசியல் என்பது இரண்டு முன்னணிகளுக்கு இடையிலான ஊசலாட்டம். பாரதிய ஜனதா கட்சி எவ்வளவு வாக்குகளைப் பிரிக்கும் என்பது கூடுதல் கேள்வி. இந்தக் கணக்கில் இடம்பெறாமலே போகிறவர்கள், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத்தில் வாழும் தமிழ் வாக்காளர்கள்.

சிறுபான்மையினர்தானே என்று அவர்களை ஒதுக்கிவிட முடியாது. 2011 சட்டப்பேரவைத் தேர்தலில் ஐக்கிய ஜனநாயக முன்னணி 72 இடங்களுடன் ஆட்சியைப் பிடித்தது. இடதுசாரி ஜனநாயக முன்னணிக்குக் கிடைத்தவை 68 இடங்கள். இரு அணிகளின் வாக்கு வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் குறைவு. மூன்று தொகுதிகள் கைமாறியிருந்தால் ஆட்சியே மாறியிருக்கும்.

கருத்துக் கணிப்புகள் அனைத்தும் பொய் என்பதல்ல வாதம். மாநிலம் தழுவிய அலை எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அவை பலமுறை சரியாகவே காட்டியுள்ளன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 10,000 பேரிடம் கருத்துக் கேட்டாலும், கேரளத்தின் 140 தொகுதிகளுக்கும் பகிர்ந்தால் தொகுதிக்கு ஏறத்தாழ 71 பேர்தான் வருவார்கள். அத்தனை சிறிய மாதிரியில் 12 சதவீதப் புள்ளிகள் வரை மேலேயோ கீழேயோ பிழை நேரலாம். 2016-இல் பீர்மேடு தொகுதியில் இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் பிஜிமோள் வென்றது வெறும் 314 வாக்குகளில். அதே ஆண்டு உடும்பஞ்சோலையில் எம்.எம். மணியின் வெற்றி வித்தியாசம் 1,109. எந்தக் கணிப்பின் சல்லடையிலும் நிற்காத எண்கள் இவை.

அந்தத் தேர்தலில் கவனிக்கத்தக்க இன்னொன்றும் நடந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பெருமளவில் வாழும் தேவிகுளம் தனித் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் 5,782 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அங்கு தனித்து நின்ற அ.தி.மு.க. பெற்ற வாக்குகளோ 11 ஆயிரத்துக்கும் மேல். வெற்றி வித்தியாசத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வாக்குகள் இரு முன்னணிகளுக்கும் வெளியே சென்றிருந்தன.

அதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு வீதிக்கு வந்தார்கள். நிர்வாகத்தை மட்டுமல்ல, ஆண்டாண்டு காலமாகத் தங்கள் பெயரில் பேசிவந்த அனைத்துத் தொழிற்சங்கங்களையும் அவர்கள் எதிர்த்தார்கள். "பொம்பிளை ஒருமை" என்ற அந்த அமைப்பின் போராட்டத்தால் போனஸ் கிடைத்தது. தொடர்ந்து நாள் கூலியும் 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் அந்த அமைப்பினர் வெற்றியும் பெற்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களின் மனக்கொதிப்பை எந்தக் கணிப்பும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர்களிடம் சந்தா வாங்கிய சங்கங்களே அறிந்திருக்கவில்லை என்பதுதான் வேதனை.

அந்தக் கொதிப்பும் ஒரே திசையில் நிலைத்துவிடவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் இடுக்கியில் காங்கிரஸின் டீன் குரியாகோஸ் 1,71,053 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இரண்டே ஆண்டுகளில், 2021 சட்டப்பேரவைத் தேர்தலில், இடுக்கி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் நான்கை இடதுசாரி முன்னணி கைப்பற்றியது. 2024-இல் மீண்டும் டீன் குரியாகோஸ் 1,33,727 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தில்லிக்கு ஒரு கட்சி, திருவனந்தபுரத்துக்கு ஒரு கட்சி என்று எடைபோட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களை யாருடைய "வாக்கு வங்கி" என்று சொல்வது?

2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு 70 உயிர்களைப் பலிகொண்டது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணோடு மண்ணாயின. சொந்தமாக ஒரு துண்டு நிலமோ வீடோ இன்றித் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக் குடியிருப்பில் வாழும் அவலத்தை நாடே அன்று பார்த்தது. இருந்தும், 2021-இல் தேவிகுளத்தில் ஆளும் இடதுசாரி அணியின் வித்தியாசம் 7,848 ஆக உயர்ந்தது. துயரம் நேர்ந்தால் ஆளுங்கட்சிக்கு எதிராக வாக்கு விழும் என்ற எளிய சூத்திரம் அங்கு செல்லுபடியாகவில்லை.

இடுக்கி மலையில் கூலியும் குடியிருப்பும் வாக்கைத் தீர்மானிக்கின்றன என்றால், பாலக்காட்டுச் சமவெளியில் தண்ணீர். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளின் தமிழ் விவசாயிகளுக்குப் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம்தான் முதல் அரசியல். அந்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் பகுதிக்கு வந்தாக வேண்டும். 1996 முதல் நான்கு முறை காங்கிரஸின் கே. அச்சுதனைத் தேர்ந்தெடுத்த சித்தூர் தொகுதி, 2016-இல் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் கே. கிருஷ்ணன்குட்டி பக்கம் திரும்பியது. இடையில் நீர்வளத்துறை அமைச்சரான அவரது வித்தியாசம், 7,285-லிருந்து 2021-இல் 33,878 ஆகப் பெருகியது. வேறு காரணங்களும் இருக்கலாம். வாய்க்கால் தண்ணீருக்கும் வாக்குக்கும் உள்ள உறவை மறுப்பதற்கில்லை.

வாக்குப்பதிவு முடியும்வரை வாக்களித்தவர்களிடம் எடுக்கும் கணிப்புகளை வெளியிட 2009 சட்டத் திருத்தம் தடை விதிக்கிறது. அந்தத் தடை வெளியிடும் நேரத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. கணிப்பின் தரத்தை அல்ல. தொகுதிக்கு எத்தனை பேரிடம், எந்த மொழியில் கேட்கப்பட்டது என்பதைக் கணிப்பு நடத்துவோர் வெளியிட வேண்டும். மலையாளத்தில் மட்டும் கேட்கப்படும் கேள்விக்கு மூணாறிலும் எருத்தேம்பதியிலும் முழுமையான பதில் கிடைக்காது.

கட்சிகள் உணர வேண்டியது அதைவிட முக்கியமானது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், மெல்லிய பெரும்பான்மையில் இருந்த ஈ.எம்.எஸ். அரசுக்காகப் பாவலர் வரதராசன் தோட்டம் தோட்டமாகத் தமிழில் பாடி வாக்குச் சேகரித்தார். அந்த மக்களிடம் அவர்களுடைய மொழியில் பேச வேண்டும் என்ற அறிவு அன்றைய தலைவர்களுக்கு இருந்தது. தேர்தல் நேரத்தில் தமிழில் சுவரொட்டி அடிப்பதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது. வீட்டுமனைப் பட்டா, நியாயமான கூலி, கடைமடை வரை தண்ணீர் - இவற்றைத் தருகிற அணிக்கே எல்லையோர வாக்கு நிலையாக இருக்கும். தராதவர்கள், கணிப்பில் எத்தனை சதவீதம் முன்னிலையில் இருந்தாலும், 314 வாக்குகளில் தோற்கவும் தயாராக இருக்க வேண்டும்.