சொட்டுறது ஒரு இடம், கசியுறது வேற இடம்!

கடலூர் - பண்ருட்டி ரோட்டுல, மேல்பட்டாம்பாக்கம் பக்கம் காலையில போற வண்டிகளைப் பாருங்க. காலேஜ், கம்பெனி, கரும்புக் கொல்லைன்னு போறவங்க நிறைய பேர் ஓட்டுறது பழைய கார்ப்பரேட்டர் வண்டிதான். அந்த வண்டிகளுக்கு அடிக்கடி வர்ற வியாதி பெட்ரோல் கசிவு. அதுக்குப் பலரும் பண்ற வைத்தியம்தான் கொடுமை! டேங்குல கசிஞ்சா சோப்பைத் தேய்ப்பாங்க, ட்யூப்ல கசிஞ்சா கம்பியைச் சுத்துவாங்க, அதுவும் கேக்கலைன்னா கார்ப்பரேட்டரையே மாத்துவாங்க. எங்கே கசியுதுன்னு தேட மட்டும் யாருக்கும் பொறுமை இல்லை.

சொட்டு விழுற இடத்துலதான் கசிவு இருக்கணும்னு அவசியம் இல்லை. மேலே டேப்புல கசியுற பெட்ரோல் ட்யூப் வழியா இறங்கி, கார்ப்பரேட்டர் அடியில வந்து சொட்டும். உடனே 'கார்ப்பரேட்டர் போச்சு'ன்னு அதைப் பிரிச்சா காசுதான் போகும், கசிவு நிக்காது.

தேடுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. இன்ஜின் நல்லா ஆறினதும், வெட்டவெளியில நிறுத்தி, எல்லாத்தையும் துணியால துடைச்சுக் காயவிடணும். அப்புறம் மேலிருந்து கீழே பார்த்துக்கிட்டே வரணும். டேப்பை மூடின பிறகும் டேங்க் அடியில ஈரம் வந்தா, டேங்க்ல துரு ஓட்டை அல்லது டேப் வாஷர் போயிருக்கு. டேப்பைத் திறந்தா மட்டும் வந்தா, கோளாறு அதுக்குக் கீழே. ட்யூபோட ரெண்டு முனையையும் லேசா வளைச்சா வெடிப்பு தெரியும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தைச் சுத்தி ஈரம்னா பேக்கிங். ஓவர்ஃப்ளோ ட்யூப் வழியா ஊத்தினா, நீடில்ல தூசியோ துருவோ மாட்டியிருக்கும், இல்லைன்னா ஃப்ளோட்டுல ஓட்டை இருக்கும்.

(2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல பெட்ரோல் அழுத்தத்தோட ஓடும். அதுல கை வைக்காதீங்க, மெக்கானிக்கிட்ட விடுங்க.)

இது இப்போ முன்னைவிட முக்கியம். 2025-ல நாட்டுல பெட்ரோலோட எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டாச்சு. சில பழைய வண்டிகள்ல 20,000 - 30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு சில ரப்பர் பாகங்களும் பேக்கிங்கும் மாத்த வேண்டி வரலாம், அதுக்குச் செலவு குறைவுதான்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்ல விளக்கம் கொடுத்தது. எத்தனால் ஈரத்தை வேற இழுக்கும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை வெள்ளம் கடலூர் பக்கம் ஊர்களுக்குள்ளேயே வந்துச்சு. அப்படித் தண்ணியில நின்ன வண்டியோட டேங்க்ல துரு பிடிச்சிருந்தா, அது நேரா நீடிலுக்குத்தான் வரும்.

செலவு குறைவுதான், ஒத்துக்கலாம். ஆனா எது போச்சுன்னு சரியா கண்டுபிடிச்சாத்தான் அந்தக் குறைவு! இதுல மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர் ஒரு மணி நேரம் தேடி, சின்ன வாஷரை மாத்திட்டு, தேடினதுக்குக் கூலி கேட்டா 'இதுக்கா இவ்வளவு?'ன்னு சண்டைக்குப் போறோம். பெரிய பாகத்தை மாத்தி அதைவிட அதிகமா பில் போட்டா வாயைத் திறக்காம கொடுக்கிறோம். பாகத்துக்கு மட்டும்தான் காசுன்னா, அவர் ஏன் உட்கார்ந்து தேடணும்? பாகத்தை மாத்தத்தான் செய்வார். கணக்கு சிம்பிள்.

நஷ்டம் காசோட நிக்காதுங்கறதுதான் பயம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லகூட பத்திக்கிற அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காத்தைவிடக் கனம், மேலே போகாம தரையோட தேங்கும். ராத்திரி வண்டியை வீட்டு நடையில ஏத்தி நிறுத்திட்டு, பக்கத்துலயே கொசுவர்த்தி கொளுத்துற வீடுகள் எத்தனை!

அதனால அடுத்த சர்வீஸுக்கு விடும்போது ஆயிலோட நிறுத்தாதீங்க. "பெட்ரோல் ட்யூப், வாஷரையும் ஒரு தடவை பாருங்கண்ணே"ன்னு சொல்லுங்க. கசிவை அவர் தேடிக் கண்டுபிடிச்சா, அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்க.