மீன் வெறும் காட்சிப் பொருளா?



சென்ற ஆண்டு புராஜெக்ட் கண்காட்சிக்காக எங்கள் குழு ஒரு அக்வாபோனிக்ஸ் மாடல் செய்தது. கீழே மீன் தொட்டி, மேலே ஜல்லி நிரப்பிய தட்டில் கீரை, நடுவில் ஒரு பம்ப். தொட்டித் தண்ணீர் மேலே ஏறி, செடியின் வேரில் பாய்ந்து, மறுபடி தொட்டிக்கே இறங்கும். பைப் வேலை பிரமாதம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சென்னை கொளத்தூர் வரை போய் இருபது தங்கமீன் வாங்கி வந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டோம். லீவு நாளில் பசிக்குமே என்று தீவனத்தையும் தாராளமாகக் கொட்டினோம்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் பதினான்கு மீன் மேலே மிதக்குது! மிச்சம் ஆறும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. அவசர அவசரமாகச் செத்ததை அள்ளிப் போட்டுவிட்டு, உள்ளூர்க் கடையில் புது மீன் வாங்கி விட்டோம். நடுவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பாராட்டினார்கள். எங்களுக்கு மார்க் வந்தது. "விடுடா மச்சான், மீன்தானே! பத்து ரூபா சாமான்" என்றான் எங்கள் குழுவிலேயே ஒருவன். அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அது பத்து ரூபாய் சாமான்தானா? பம்ப், பைப், ஜல்லி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்ட நாம் மீனுக்கு மட்டும் ஏன் கணக்குப் போடவில்லை?

மீன் செய்கிற வேலை

மீன் தீவனத்தில் புரதம் நிறைய உண்டு. அதிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மீனின் சதையாகிறது. மிச்சம் தண்ணீருக்கே வந்து சேர்கிறது. அதிலும் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். ஆனால் ஜல்லியின் மேல் குடியேறும் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. நைட்ரசோமோனாஸ் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா வகைகள் அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் செடிக்கு நல்ல உரம். செடி அதை உறிஞ்சிக்கொள்ள, தண்ணீர் சுத்தமாகி மீனிடம் திரும்புகிறது.

நம்ம ஊர் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாடா ஓடணும். நெசவாளி ஒருவர் மட்டும் தறியில் உட்கார்ந்தால் போதாது; கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். அந்த ஆள் வராத நாளில் தறி நிற்கும் என்பது பிள்ளையார்பாளையத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கேயும் மீன், நுண்ணுயிர், செடி என்று மூன்று நாடா. எங்கள் மாடலில் நடுநாடாவே இல்லை! புதுத் தொட்டியில் நுண்ணுயிர் பெருகவே மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். நாங்கள் கொடுத்தது மூன்று நாள்.

கணக்கு போடுவோம்

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2014-ல் சிறிய அளவு அக்வாபோனிக்ஸ் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. அதன்படி 1000 லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 கிலோ மீன் தாங்கும். கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் போகணும்.

வீட்டுப் பின்கட்டில் வைக்கிற 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்முக்குப் பார்ப்போம். குறைந்த அளவையே எடுத்தால் 2 கிலோ மீன். அதாவது 100 கிராம் வரை வளரக்கூடிய மீன் இருபது. உடல் எடையில் 2 சதவீதம் என்றால் தினம் 40 கிராம் தீவனம். அதில் 32 சதவீதம் புரதம், புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் நைட்ரஜன் சுமார் 2 கிராம். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.3 கிராம் அளவுக்குத் தினந்தோறும் தண்ணீரில் கலக்கிறது. அதைத் தின்ன ஒரு சதுர மீட்டர் தட்டும், இருபது இருபத்தைந்து கீரைச் செடியும் வேண்டும். மீனைக் கூட்டினால் தட்டையும் கூட்டணும். நாங்கள் அதே இருபது மீனை 60 லிட்டரில் அடைத்தோம். தட்டோ ஒரு சாப்பாட்டு இலை அகலம்!

காஞ்சிபுரத்துக்கு என்ன பொருத்தம்?

வெயில் ஏற ஏற, தண்ணீரின் பி.எச். கூடக் கூட, அம்மோனியாவின் விஷம் அதிகமாகும்; தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறையும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் டிரம் வைப்பவர்கள் நிழல் போட்டே ஆகணும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அகலமான பாத்திரத்தில் ஒருநாள் இரண்டுநாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றணும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும்; பம்ப் நின்றால் மூச்சும் நிற்கும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்களே, இது உங்களுக்கு நல்ல புராஜெக்ட்!

கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போடாதவர் நம்மில் யார்? புண்ணியம் என்கிறோம். ஆனால் தின்றது போக மிச்சப் பொரி அழுகும்போது அதுவே ஆக்ஸிஜனைக் குடித்துவிடும். சர்வதீர்த்தம் மாதிரி பெரிய குளம் கொஞ்சம் பொறுக்கும். 200 லிட்டர் டிரம் பொறுக்காது. ஐந்து பத்து நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவே தீவனம். மிச்சத்தை உடனே எடுத்துவிடணும்.

"எங்க வீட்ல மீனா? பாட்டி வாசல்லயே நிறுத்திடுவாங்க" என்றான் சன்னதித் தெரு நண்பன். மீனைத் தின்றே ஆகணும் என்று எந்தச் சட்டமும் இல்லையே! தங்கமீன், கோய் கெண்டை எல்லாம் செடிக்கு அதே உரத்தைத்தான் கொடுக்கும். பாட்டி கீரை பறிக்கட்டும். மீன் ஆயுசு முழுக்க நீந்தட்டும். சாப்பிடுகிற வீட்டில் ஜிலேபி கெண்டை எனும் திலாப்பியா வளர்க்கலாம். 1980-களில் தொடங்கி விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி இந்த முறையை வளர்த்தெடுத்ததும் திலாப்பியாவை வைத்துத்தான். ஆனால் அது 1952-ல் வெளியிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன். மீன்வளத் துறையின் விதிமுறைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வளர்ப்பதே முறை. ஏரியில் கொண்டுபோய் விடவே கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி பக்கமே போக வேண்டாம். அதை வளர்க்க 2000-லேயே தடை வந்துவிட்டது.

"யூரியா போதுமே!"

"எதுக்குடா இந்தத் தொல்லை? தண்ணியில உரத்தைக் கரைச்சு ஊத்திட்டா ஹைட்ரோபோனிக்ஸ் ஆச்சு" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மீன் எல்லாச் சத்தையும் தந்துவிடாது என்பதும் உண்மை. இரும்பு, பொட்டாசியம், கால்சியம் குறையும், தனியாகச் சேர்க்கணும்.

ஆனாலும் நான் மீன் பக்கம்தான். ஏன் தெரியுமா? மீன் உரம் மட்டும் கொடுப்பதில்லை, காவலும் காக்கிறது. தொட்டியில் மீன் இருக்கும்வரை செடிக்குப் பூச்சி மருந்து அடிக்க நம் கை வராது; அடித்தால் முதலில் சாவது மீன். சாயத் தண்ணீர் கலந்த கிணற்று நீரா, சோப்புத் தண்ணீர் கசிந்த நீரா, அதையும் மீன்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.  இந்த வேலையைச் செய்ய எந்த யூரியா மூட்டை வரும்?

நண்பர்களே! நாளை நாம் தொழிற்சாலைக்குப் போவோம், சொந்தத் தொழிலும் தொடங்குவோம். எங்கே போனாலும் நாம் அமைக்கும் அமைப்புக்குள் உயிர் இருக்கும். "சாமான்தானே" என்று நினைக்கிற பழக்கம் பாலிடெக்னிக்கிலேயே வந்துவிட்டால் பிறகு போகாது. எனவே இந்த ஆண்டு அக்வாபோனிக்ஸ் செய்யப் போகும் ஜூனியர்களுக்கு ஒரே வேண்டுகோள். தண்ணீரை ஐந்து வாரம் முன்னாடியே ஓட விடுங்கள். அம்மோனியா சோதனைக் கிட் வாங்கக் காசு ஒதுக்குங்கள். நாலைந்து மீனில் தொடங்குங்கள். கண்காட்சி முடிந்ததும் மீனை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

எங்களிடம் மிஞ்சிய ஆறு மீனில் நான்கு இப்போது எங்கள் வீட்டு டிரம்மில் இருக்கின்றன. மேலே தண்டுக்கீரை தழைத்து நிற்கிறது. வந்து பாருங்கள்!