சதுப்பின் ஓரத்தில் எழும் சுவர்கள்

சவான்னா நகரை அடுத்த ஓர் ஓடைக்கரையில், ஜார்ஜியா மாநிலத்தின் உவர்ச்சதுப்பையே கொல்லைப்புறத்து எல்லையாகக் கொண்ட வீட்டில் நெடுநாளாக வசித்துவரும் எனக்கு, பக்கத்து மனைக்காரர் கரை அரிப்பைத் தடுக்கச் செங்குத்தான சுவர் எழுப்பிக்கொள்ள அனுமதி பெற்றுவிட்டார் என்று சென்ற வாரம் தெரியவந்தபோது உண்டான மனக்கிலேசம் இன்னும் தணியவில்லை. அவர் நல்ல மனிதர்; தம் நிலம் கண்ணெதிரே கரைவதைக் கண்டு கலங்குவது இயல்பே. என் ஆட்சேபமெல்லாம், அவர் கேட்டதும் சுவரையே பரிகாரமாக எடுத்துக் கொடுக்கிற அனுமதி முறையின் மீதுதான்.

ஏறத்தாழ 100 மைல் நீளமே உள்ள ஜார்ஜியாக் கடற்கரை, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எஞ்சியிருக்கும் உவர்ச்சதுப்பில் மூன்றிலொரு பங்கைத் தன்னிடம் வைத்திருக்கிறது. 1960களின் இறுதியில் பாஸ்பேட் தோண்டுவதற்காக ஒரு சுரங்க நிறுவனம் இதன்மேல் கண்வைத்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் ரீட் ஹாரிஸின் விடாமுயற்சியால் 1970-ல் சதுப்புப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஒரே வாயில் விழுங்க வந்த பூதத்தைத் தடுத்த அந்தச் சட்டத்தின் நிழலிலேயே, இன்று மனைக்கு மனை, அறுபதடி எண்பதடியாக, அதே சதுப்பு அரிக்கப்பட்டு வருகிறது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பழைய மரச்சுவர் ஒன்று இருக்கிறது. ஓதம் வற்றிய வேளையில் அதன் அடியில் இறங்கி நின்று பார்த்தேன். முன்பு இடுப்பளவு செழித்திருந்த ஸ்பார்டினாப் புல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. சேறு பறிபோய், கம்பங்களின் அடிப்பாகம் முழங்கால் உயரத்துக்கு வெளியே தெரிகிறது. என் வீட்டுக் கரையில் காலடி பட்டதும் நூற்றுக்கணக்கில் வளைக்குள் ஓடி மறைகிற, ஒற்றைக் கொடுக்கு பெருத்த சிறு நண்டுகளில் ஒன்றைக்கூட அங்கே காணோம். சுவருக்குப் பின்னாலோ, பலகை இடுக்கின் வழியே மண் கசிந்துபோய்ப் புல்தரையில் குழி விழுந்திருக்கிறது. சாய்வான கரையில் புல்லிடை புகுந்து வலுவிழக்கும் அலை, செங்குத்தான சுவரில் மோதித் திரும்பும்போது அடிச்சேற்றை வாரிக்கொண்டு போவதன் விளைவு இது. இதனினும் பெரிய விபரீதம் மெல்ல நிகழ்வது. எங்கள் ஊரை அடுத்த புலாஸ்கி கோட்டையில் 1935 முதல் குறித்துவரும் ஓதக் கணக்கின்படி, அன்றைக்கு இன்று கடல்மட்டம் ஏறத்தாழ ஓரடி உயர்ந்திருக்கிறது. நீர் ஏற ஏற மேட்டுப்புறம் நகர்ந்து பிழைத்துக்கொள்வது சதுப்பின் சுபாவம். முன்னே கடலும் பின்னே சுவருமாக அகப்பட்ட சதுப்பு எங்கே போகும்?

‘சுவர் உறுதியானது, புல் அற்பமானது’ என்ற எண்ணத்தைத் தகர்க்க நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 2011-ல் ஐரீன் சூறாவளி வட கரோலினாவில் கரையேறியது. சூறாவளிகளில் அது கடைநிலையான முதல் வகுப்பைச் சேர்ந்தது. அதன் பின் ஆராய்ச்சியாளர்கள் கரைகளைப் பார்வையிட்டு, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். காற்று மிகக் கடுமையாக வீசிய அவுட்டர் பேங்க்ஸ் பகுதியில் அவர்கள் கண்ட தடுப்புச்சுவர்களில் 76 சதவீதம் சேதமுற்றிருந்தன. நூற்றுக்கு எழுபத்தாறு! அதே பகுதியில் மற்ற வகைக் கரைகாப்புகளில் சேதமே காணப்படவில்லை. புயல் கரையேறிய இடத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருந்த சதுப்புகளிலோ தரைமட்டம் தாழவில்லை. அடர்த்தி குறைந்த புல் ஓராண்டுக்குள் பழைய நிலைக்கு மீண்டது. நாலில் மூன்று சுவர், அதுவும் கடைநிலைப் புயலில், பழுதுபட்டதென்றால், மேல்வகுப்புப் புயலில் சுவர் நிற்கும் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? முறிந்த சுவரை மறுபடி கட்டச் செலவு. சாய்ந்த புல் தானே நிமிர்கிறது.

சொத்துரிமை என்று பேசுவோருக்கு ஒரே விடைதான்: தன் நிலத்தைக் காக்கும் உரிமை, பொதுச்சொத்தாகிய சதுப்பைக் கொல்லும் உரிமையாகிவிடாது. தவிரவும், அலபாமாவின் மொபைல் விரிகுடாவில் வீட்டுக்காரர்களை விசாரித்தபோது, ஒருவர் சுவர் கட்டுவதை நிர்ணயிப்பதில் பக்கத்து வீட்டாரின் சுவரே முதன்மையான காரணமாகத் தெரிந்தது. ஓர் அனுமதி ஒரு சுவரோடு நிற்பதில்லை, தெருவையே சுவராக்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அமெரிக்க நாட்டின் கண்டப் பகுதிக் கரைகளில் ஏறத்தாழ 22,800 கிலோமீட்டர், அதாவது 14 சதவீதம், ஏற்கெனவே இப்படி இறுகிப்போய்விட்டதாக 2015-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

கூட்டாட்சி அரசும் இதற்குத் துணைபோயிற்று. புல்லும் சிப்பி ஓடும் கொண்டு அமைக்கும் உயிர்க்கரைக்கு ராணுவப் பொறியாளர் படை 2017-ல்தான் தனியாகப் பொது அனுமதி வகுத்தது. அப்போதும், எவ்வளவு சிறிய வேலையானாலும் முன்னறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டுமென்று விதித்தது. சில வரம்புகளுக்குட்பட்ட 500 அடி வரையிலான கரைத்தடுப்பு வேலைக்கோ முன்னறிவிப்பே தேவைப்படவில்லை. கேடு செய்கிறவனுக்குத் திறந்த வாசல், நன்மை செய்ய வருகிறவனுக்குத் தாழிட்ட கதவு! இத்தகைய விதியை எழுதியவர்கள் ஒருநாளாவது ஓதம் வற்றிய சேற்றில் இறங்கிப் பார்த்திருப்பார்களா?

மேரிலாந்து 2008-லேயே உயிர்க்கரையை விதியாகவும் சுவரை விலக்காகவும் ஆக்கிவிட்டது. வர்ஜீனியா 2020-ல் அதே வழியில் சென்றது. ஜார்ஜியாவிலும் வழி தெரியாமலில்லை. சாப்பெலோ தீவில் சிப்பி ஓடுகளைப் பைகளில் கட்டி அடுக்கி, இந்த மண்ணின் புல்லையே நட்டுக் கரையைக் காத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்த இரு மாநிலங்களோடு நின்றுவிடாமல், சதுப்பை ஒட்டிய குடியிருப்பு மனைகளில் புதிய சுவர் எதற்கும், விலக்கென்ற பேச்சே இன்றி, இனி அனுமதி தரலாகாது. புயலில் விழுந்த பழைய சுவரைத் திரும்ப எழுப்பவும் விடலாகாது. உயிர்க்கரை அமைக்கும் செலவில் பாதியை மாநிலமே ஏற்கட்டும். என் பக்கத்து மனையில் பலகை இறக்கும் வேலை இன்னும் ஆரம்பமாகவில்லை. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்று, அவருக்கு அந்தப் பாதிச் செலவை முதலில் கொடுக்கட்டும்.